பீன்யா ஷெட்டில் ஒரு 1210: நிகழ்வு ஆய்வு

அத்திப்பள்ளி தாண்டி ஒரு புளியமரத்தடியில் 1994-லிருந்து நின்ற லாரி அது. எடுக்கப் போனபோது வண்டியை விட மரம்தான் அதிகம் தெரிந்தது. கேபின் கூரையில் ஒரு முழம் சருகு. டிரைவர் சீட் இருந்த இடத்தில் எறும்புப் புற்று. டயர் எல்லாம் மண்ணில் புதைந்து, வண்டி முட்டிபோட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

என் கூட்டாளியின் அப்பா 1974-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கி, சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவே ஓட்டிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 1210. ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு ஆண்டு 1966. இன்ஜின் கேபினுக்கு முன்னால் துருத்தி நிற்கும் மூக்கு லாரி. மொத்த எடை 12 டன், இன்ஜின் சுமார் 100 குதிரைத் திறன். 1210 என்ற பெயருக்கு அவ்வளவுதான் அர்த்தம். கூட்டாளி ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன், ஐ.டி. வேலை. நான் பெங்களூர் பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் ஷெட்டின் பின்பக்கம் காலி இடம் இருந்தது. இந்தத் திட்டத்துக்குள் நான் வந்து விழுந்த கதை அவ்வளவுதான்.

மூன்றாவது ஆள்தான் முக்கியம். இந்த வண்டியையே பதினோரு வருடம் ஓட்டிய டிரைவர், சங்ககிரி பக்கத்துக்காரர். எழுபது தாண்டிவிட்டது. மகள் வீடு ஓசூரில். அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்து வருவார். நாங்கள் அவரை ஐயா என்போம். அவர் எங்கள் இருவரையும் தம்பி என்பார், கோபம் வந்தால் மட்டும் ‘ஏனுங்க சார்’ என்பார்.

வண்டியைக் கிரேனில் தூக்கி ஷெட்டில் இறக்கிய அன்றே எங்களுக்குள் ஒரு தகராறு. எந்த நிறம் அடிப்பது?

இது அழகு பற்றிய தகராறு இல்லை. பழைய காரை மீட்டெடுப்பவருக்கு ஒரு வசதி உண்டு. தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அதுதான் ஒரிஜினல், அந்த நாளுக்குத் திரும்பிப் போனால் வேலை முடிந்தது. நம் ஊர் லாரிக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) நிறுவனம் 1954-ல் டைம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. 15 வருட ஒப்பந்தம். 1969-ல் முடிந்ததும் மூக்கிலிருந்த பென்ஸ் நட்சத்திரம் போய் ‘டி’ எழுத்து வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வந்தது சேஸி (அடிச்சட்டம்), இன்ஜின், முன்பக்க மூக்கு, அவ்வளவுதான். கேபின் கிடையாது, பாடி கிடையாது. புது வண்டியை ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வெயிலில் ஓட்டி வருவார்களாம். அதை நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பட்டறையில் விட்டால் ஆசாரிகள் மரச்சட்டம் கூட்டி, தகடு அடித்து, கேபின் கட்டித் தருவார்கள். ஆக, லாரி பாதி ஜாம்ஷெட்பூரில் பிறந்தது, மீதி திருச்செங்கோட்டில்.

இதைப் பேசிப் பேசி முடிவு வராமல், ஒரு நாள் எண்ணூறு நம்பர் உப்புத்தாளை எடுத்துத் தண்ணீர் விட்டு மூக்கின் ஓரத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தேய்த்தேன். மேலே நீலம். கடைசிக் காலத்தில் தண்ணீர் டேங்கராக ஓடியபோது அடித்தது. அதற்குக் கீழே பழுப்பு. பழுப்புக்குக் கீழே இலைப்பச்சை. பச்சைக்குக் கீழே ரெட் ஆக்சைடு, அப்புறம் இரும்பு. மரத்தை வெட்டினால் வளையம் தெரிகிற மாதிரி வட்டம் வட்டமாகத் தெரிந்தது. அதே உப்புத்தாளோடு கேபின் கதவுச் சட்டத்துக்குப் போனேன். நீலம், பழுப்பு, மரம். பச்சை இல்லை. இன்னும் மூன்று இடத்தில் தேய்த்தேன். எங்கும் பச்சை இல்லை.

அப்படியானால் இந்தக் கேபின் முதல் கேபின் இல்லை. பச்சையாக இருந்த காலத்துக் கேபின் போய்விட்டது, பழுப்புக் காலத்தில் புதுசு கட்டியிருக்கிறார்கள். பழுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. நேஷனல் பர்மிட் 1975-ல் வந்தது. அந்த பர்மிட் வண்டி காய்ந்த இலைப் பழுப்பில், தடித்த வெள்ளை ஓரத்தோடு இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. லாரி என்றாலே நம் கண்ணில் வரும் அந்தப் பழுப்பு எந்தப் பெயின்டரின் ரசனையும் அல்ல. அரசாங்கம் சொன்ன கலர்.

ஐயாவிடம் கேட்டோம். “ஆமா தம்பி, கிருஷ்ணகிரிகிட்ட ஒருக்கா படுத்துருச்சு. கேபின் பூராவும் போச்சு. நான் வர்றதுக்கு முந்தி.” இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, “நீங்க கேக்கலையே” என்றார்.

சீட் முதுகுப் பலகையைக் கழற்றியபோது பின்பக்கம் தச்சுப் பென்சில் எழுத்து. ஒரு கூட்டல் கணக்கு, கூலிக் கணக்காக இருக்க வேண்டும். கீழே 12.9.78. அந்தப் பலகையைப் பார்த்ததும் என் மனசு முடிவாகிவிட்டது. இந்த வண்டிக்கு நாம் போய்ச் சேர வேண்டிய நாள் 1966-ல் இல்லை, அந்த ஆசாரி பென்சிலை வைத்த 1978 செப்டம்பர். கூட்டாளிக்கு நட்சத்திரம் வேண்டும், பச்சை வேண்டும். பென்ஸ் நட்சத்திரம் வைத்தால் படம் எடுக்கிற கூட்டம் கூடும், அது எனக்கும் தெரியும். ஆனால் பச்சை அடித்தால் கேபினைக் கழற்றி எறிய வேண்டும். இல்லாத ஒரு கேபினைக் கற்பனையில் கட்ட வேண்டும். அதற்குப் பெயர் மீட்பு இல்லை. மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டு அவன் ஒத்துக்கொண்டான்.

இன்ஜின் விஷயம் வேறு ரகம். டாடா 692. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 6 சிலிண்டர், 92 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்). ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120. பெருக்கிப் பார்த்தால் 4.8 லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பின்னால் வந்த 697-க்கு 97 மி.மீ. போர், 128 ஸ்ட்ரோக், கிட்டத்தட்ட 5.7 லிட்டர். 697 சாமான் இன்றும் கைக்கு எட்டுகிறது. ஜே.சி. ரோட்டில் நாலு கடை ஏறி 692-க்கு ஹீட்டர் பிளக் கேட்டபோது ஒருவர் “சிகல்ல சார்” (கிடைக்காது சார்) என்று கன்னடத்திலும், அடுத்தவர் “697 போட்டுக்கோங்க சார்” என்று தமிழிலும் சொன்னார்கள். இரண்டும் ஒரே பதில்தான்.

நாங்கள் 692-ஐயே வைத்துக்கொண்டோம். நாலாவது, ஐந்தாவது பிஸ்டன் ஒட்டிப்போயிருந்தது. டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கினோம். சுத்தியலை நேராக இறக்கியிருந்தால் பிஸ்டன் தலை பிளந்திருக்கும். சிலிண்டரைப் போர் செய்து, கிராங்க் கிரைண்டிங் போட்டு, அண்டர்சைஸ் பேரிங் மாட்டினோம். கலாசிப்பாளையத்து மெக்கானிக் பாய் மேற்பார்வை. இதில் எழுதப் பெரிதாக எதுவும் இல்லை, எந்தப் பழைய டீசலுக்கும் செய்கிற வேலைதான்.

பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக். இந்தத் தலைமுறை 692-ல் டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாது. தலையில் ஒரு சின்ன முன்னறை இருக்கிறது. அதில் பாதி எரிந்து, அங்கிருந்து சீறிக்கொண்டு சிலிண்டருக்குள் பாயும். சத்தம் மென்மை, ஆனால் குளிர்ந்த இன்ஜினில் அந்த அறையின் சுவரே சூட்டைத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கம்பிச்சுருள் பிளக். ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி. ஒன்று அறுந்தால் ஆறும் அவுட். டாஷ்போர்டில் ஒரு சின்ன ஓட்டைக்குள் இன்னொரு சுருளும் அதே வரிசையில் இருக்கும். அது சிவந்தால் உள்ளே ஆறும் சிவந்திருக்கிறது என்று அர்த்தம். சிவக்கவே இல்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. கண்ணைப் பறிக்கிற மாதிரி சட்டென்று வெளுத்தால் எங்கோ ஷார்ட். மீட்டர் இல்லாமல், பல்பு இல்லாமல், ஒரு கம்பியை வைத்தே முழு சர்க்யூட்டின் நோயையும் சொல்லிவிடுகிறார்கள். இன்றைய வண்டியில் இதைச் சொல்ல ஒரு ஸ்கேனர் வேண்டும்.

ஆறில் நாலு பிளக் கிடைத்தது, சிவாஜிநகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தை) ஒரு சாக்குக்குள். மீதி இரண்டையும் என் லேத்தில் உடல் கடைந்து, சுருளை வெளியே சுற்றிக் கொடுக்கச் சொல்லி முடித்தோம்.

அடுத்தது இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்ப். மைக்கோ பம்ப். மைக்கோ நிறுவனம் 1951-ல் பாஷ் கூட்டோடு இதே பெங்களூரில் தொடங்கியது, ஆடுகோடியில் ஆலை. 2008-ல் பெயர் பாஷ் லிமிடெட் ஆகிவிட்டது. பழைய லாரிக்காரர் வாயில் இன்னும் மைக்கோதான். பம்ப்பும் நாசிலும் இங்கே பிறந்தவை என்பதால் ஆள் கிடைப்பது சுலபம் என்று நினைத்தோம். முதலில் கொடுத்த கடையில் பெஞ்சில் ஏற்றி அளவு பார்த்து, பளபளவென்று சில்வர் பெயின்ட் அடித்துத் தந்தார்கள். அந்தப் பளபளப்பைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஐயா சீட்டில். ஹீட்டர் பிடியை இழுத்துப் பிடித்து எண்ணினார். ஓட்டைக்குள் சுருள் மெல்லச் சிவந்தது. நாற்பது எண்ணியதும் செல்ப் அடித்தார். இரண்டு சுற்று, ஒரு இருமல், வெள்ளைப் புகை, பிடித்துக்கொண்டது. கூட்டாளி போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வீடியோவில் சத்தம் ஏறுவது கேட்கும், எங்கள் சிரிப்பு கேட்கும், சத்தம் இன்னும் ஏறும், சிரிப்பு நிற்கும். ஐயா காலை எடுத்துவிட்டார். இன்ஜின் வேகம் இறங்கவில்லை. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்து தூசி கொட்டியது. ஸ்டாப் பிடியை இழுத்தார், அது கையோடு வந்தது. கேபிளின் மறுமுனையை நான் பம்ப்பில் மாட்டவே இல்லை. அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

ஐயா கீழே குதித்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த சாக்கை எடுத்து நாலாக மடித்து, காற்று போகும் வாயில் அப்படியே அமுக்கினார். ஏர் கிளீனர் இன்னும் போடாததால் வாய் திறந்திருந்தது. இன்ஜின் சாக்கைப் பாதி உள்ளே இழுத்தது. கடகடவென்று உலுக்கி, கரும்புகையைக் கக்கி, நின்றது. மொத்தம் பதினைந்து விநாடி இருக்கும். ஒரு புஷ் ராடு வளைந்திருந்தது. அதோடு தப்பித்தோம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வாயை அடைக்க வெறுங்கையைக் கொண்டுபோகவே கூடாது. அந்த உறிஞ்சலுக்கு விரல் பெரிய விஷயமில்லை.

காரணம் என்ன? இந்த வண்டியின் பம்ப்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்துவது காற்று கவர்னர். ஆக்சிலேட்டர் மிதித்தால் பம்ப் அசையாது. காற்றுக் குழாயில் ஒரு பட்டாம்பூச்சித் தகடுதான் திறக்கும். காலை எடுத்தால் தகடு மூடும், குழாயில் உறிஞ்சல் கூடும். அந்த உறிஞ்சல் ஒரு சின்ன பைப் வழியாகப் பம்ப்பின் பின்னால் உள்ள தோல் சவ்வை இழுக்கும், சவ்வு டீசலைக் குறைக்கும். சவ்வுக்கு எதிரே ஒரு ஸ்பிரிங். அது எப்போதும் முழு டீசல் பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும். சவ்வு கிழிந்தால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும். கழற்றிப் பார்த்தால் தோல் அப்பளமாக இருந்தது, நடுவில் நகக்கீறல் அளவுக்கு வெடிப்பு. பம்ப்பைப் புதுசாக்கித் தந்த கடை சவ்வைத் தொடவே இல்லை.

அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடச் சோதனை இருக்கிறது, அது எனக்குத் தெரியாமல் போனது என் தப்பு. இரண்டாவதாகப் போன கடையில், பம்ப் வேலையிலேயே தலை நரைத்த ஒரு பெரியவர் காட்டினார். ஸ்டாப் லிவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, காற்று பைப் வரும் துளையை ஈர விரலால் மூட வேண்டும். பிறகு லிவரை விட வேண்டும். சவ்வு நன்றாக இருந்தால், டீசலைக் கூட்டிக் குறைக்கும் ராடு அங்கேயே நிற்கும், விரலை எடுத்தால்தான் திரும்பும். என் பழைய சவ்வை மாட்டிச் செய்து காட்டினார். விரல் மூடியிருக்கும்போதே ராடு சாவகாசமாகத் திரும்பி வந்தது. “இதோட ஸ்டார்ட் பண்ணீங்களா? ஸ்டாப் கேபிள் இருந்துச்சா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

கேபினுக்கு வருகிறேன். பெங்களூரில் கதவு, ஜன்னல் செய்ய ஆசாரி உண்டு, லாரிக் கேபினுக்கு இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். அவர் வருவதற்குள் நான் என் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்து வைத்தேன். டிரைவர் பக்கத்துக் கதவுத்தூண் வெளிப்பக்கம் இரண்டு விரல் சாய்ந்திருந்தது. இத்தனை வருடம் மழையில் நனைந்து வளைந்துவிட்டது என்று நினைத்து, ஜாக்கி கொடுத்து, மட்டம் வைத்து, தூக்குக்குண்டு பார்த்து நேராக்கிவிட்டேன். லேத்காரன் புத்தி, எல்லாம் 90 டிகிரியில் இருக்க வேண்டும்.

ஆசாரி வந்து பார்த்தார். பேசாமல் கதவைச் சாத்தினார், சாத்த முடியவில்லை. “யாருங்க இதை நிமித்துனது?” சாய்வு வளைவல்ல, வேலை. அந்தத் தூண் சாய்ந்திருந்தால்தான் ஜன்னலில் கை வைக்கும் டிரைவருக்கு முழங்கை உட்காரும், கூரையிலிருந்து வடியும் மழைத் தண்ணீரும் மடியில் விழாமல் வெளியே சொட்டும் என்றார். எதிர்ப்பக்கத் தூணைக் காட்டினார். அதுவும் அதே இரண்டு விரல். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வளைகிற மழை எங்கே இருக்கிறது? எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து நான் நேராக்கியதை அவர் கோணலாக்கினார், அதற்கும் கூலி கொடுத்தோம்.

தேக்குச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மாற்ற வேண்டியிருந்தது. பழைய சட்டங்களில் ஆணி குறைவு, துளையில் சொருகி முளையடித்தது. பென்சில் கணக்கு எழுதிய பலகையை அப்படியே திரும்ப மாட்டினோம், மேலே வார்னிஷ் மட்டும். புது லாரிகளின் கேபினில் 2025 முதல் ஏ.சி. கட்டாயம். எங்கள் கேபினில் குளிர்ச்சிக்கு உள்ள ஏற்பாடு, மூக்கின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் காற்று வரும், காற்றோடு இன்ஜின் சூடும் வரும்.

டயர் 9.00-20 நைலான். இது இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. ரிம்மில் லாக் ரிங் இருப்பதால், ரிங்கை இறுக்கிக் கட்டி, தள்ளி நின்றுதான் காற்றடித்தோம். சரியாக உட்காராத ரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். பிரேக், பட்டை, கிங்பின் எல்லாம் பாய் கைவண்ணம். கியர் பெட்டியில் பற்களின் வேகத்தைத் தானாகச் சமன்செய்யும் சிங்க்ரோ கிடையாது. அதனால் ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்கும் டபுள் கிளட்ச் போட எனக்கு ஐயா சொல்லிக்கொடுத்தார். ஷெட்டு வாசலிலிருந்து கேட்டு வரை உள்ள தூரத்தில் இரண்டாவது கியரைத் தாண்ட முடியாது என்பதால் பாடம் அதற்கு மேல் போகவில்லை.

வெளியே ஓட்டலாமே என்றால் அங்கேதான் முட்டுகிறது. 2021 ஜூலையில் பழமை வாகனங்களுக்கென்று மத்திய விதிகளில் தனி ஏற்பாடு வந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், உருமாற்றம் கூடாது, 20,000 ரூபாய் கட்டினால் 10 வருடத்துக்குத் தனி வரிசை நம்பர். படித்ததும் கூட்டாளி துள்ளிக் குதித்தான். நிதானமாக இரண்டாம் முறை படித்தால், அது இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். சரக்கு வண்டி அதில் இல்லை. லாரியாகவே ஓட்ட வேண்டுமென்றால் மற்ற லாரிகளைப் போலத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். 1966-ல் பிறந்த முன்னறை டீசலை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவது நடக்கிற காரியம் இல்லை. 50 வயதுக் காரைப் பார்த்து நாடு பெருமைப்படுகிறது. அதே வயது லாரியைப் பழைய இரும்பு என்கிறது. இந்த ஊருக்கு அரிசியும் வெல்லமும் எதில் வந்தது என்று கேட்கத் தோன்றும், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

பழுப்பு அடித்து, வெள்ளை ஓரம் போட்டு, நெற்றியில் முருகன் துணை எழுதி முடிக்கும்போது புரட்டாசி வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு வண்டி ஊரில் நிற்க வேண்டும் என்று கூட்டாளியின் அம்மா சொல்லிவிட்டார். சங்ககிரி பக்கம் அவர்கள் ஊர். சாலையில் ஓட்டக் கூடாது. ஆகவே ஒரு டிரெய்லரைப் பிடித்தோம். பலகை வைத்து ஏற்றி, நாலு பக்கமும் சங்கிலி போட்டு இறுக்கினோம். டிரெய்லர் டிரைவர் சின்னப் பையன். பில்லில் சரக்கு என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டான். “லாரி, ஒண்ணு” என்றார் ஐயா.

நானும் ஐயாவும் டிரெய்லர் கேபினில் ஏறிக்கொண்டோம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வரை அவர் தூங்கிக்கொண்டுதான் வந்தார். தொப்பூர் இறக்கம் தொடங்கியதும் கண்ணைத் திறந்தார். பையன் கியரைக் குறைத்து மெதுவாகத்தான் இறக்கினான். ஐயா ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் வலது கால் வெறும் தரையை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. சுங்கச்சாவடி வந்த பிறகுதான் காலை மடக்கி உட்கார்ந்தார்.